ஜெஸ்ஸியும் ஓரத்து விரிசலும்

டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெஸ்ஸி முன்சீட்டுக் கம்பியைத் தடவிப் பார்ப்பார். வளைந்திருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம், "இது மொதல்ல எந்தப் பக்கம் வளஞ்சிருக்கும்?" என்று கேட்பார். ஒருமுறை ஒருவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஏழு வருடம். கடைசி நீட்டிப்பு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கான்கிரீட் உத்தரம் எங்கே விரிசல் விடும் என்று கணினியில் சொல்லும் நிரல்தான் ஆய்வு. உத்தரம் பல்லாயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் இதுவரை பட்ட அடி ஓர் எண். புள்ளிக்குப் புள்ளி கணினி பழைய எண்ணைத் தரும். நிரல் புதிய எண்ணைத் திருப்பித் தர வேண்டும்.

"ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு மாதிரிப்பா," என்பார் வகுப்பில். "வாரவுக கொண்டுவருவாக. எழுதி அவுககிட்டயே குடுத்துரணும். நம்ம பையில வச்சுக்கக் கூடாது."

அவருடைய நிரலோ சீட்டைத் தன் பையிலேயே வைத்திருந்தது. அந்த ஒரே எண்ணை எல்லாப் புள்ளிக்கும் போட்டது. சின்னக் கான்கிரீட் கட்டி ஒன்றை வைத்துச் சோதித்தபோது அங்கே எல்லாப் புள்ளிக்கும் ஒரே அடி என்பதால் தப்பு தெரியவில்லை. முழு உத்தரத்துக்கு அங்கே இங்கே எண்களைக் கூட்டிக் குறைத்ததில் வரைபடமும் ஆய்வகச் சோதனையோடு ஒட்டிக்கொண்டது. புதன்கிழமைதான், பாரமே படாத ஓரத்தில் விரிசலைப் பார்த்தார்.

நெறியாளர் சூசைராஜ் படத்தைப் பார்த்தார். "வரைபடம் ஒத்துப்போகுதுல்ல? ஓரத்த வெட்டிட்டுப் படத்தப் போடும்மா. வெள்ளிக்கிழம குடுத்துரு."

"சரி சார்," என்றார் ஜெஸ்ஸி. பெரியவர்களிடம் அவருக்கு வேறு பதில் தெரியாது.

நிரலைத் திருத்த அரை மணி நேரம் ஆனது. திருத்தியதை ஓட்டி முடிக்க நான்கு நாள் ஆகும். வெள்ளி தாண்டினால் பதிவு ரத்து.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவர் ரொனால்டு கேட்டார்: "ஓட்டுனா ஏழு வருசமும் போச்சா?"

"போச்சு."

"ஓட்டாட்டி?"

"நாளப்பின்ன எவனாச்சும் இத நம்பி ஒரு பாலத்தக் கட்டுவான்."

ரொனால்டு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைத்துக்கொண்டார்.

கல்லூரி ஆய்வகத்தில் மாலை ஐந்தானால் எல்லாக் கணினியையும் அணைத்துவிடுவது வழக்கம். வியாழன் காலை முதல் ஆளாக உள்ளே போன ஜெஸ்ஸி திருத்திய நிரலை ஓடவிட்டார். பிறகு ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, நாலு மூலையும் செலோடேப் போட்டுத் திரைக்கு மேலே ஒட்டினார்: திங்கட்கிழமை வரை அணைக்க வேண்டாம்.