காலியாகப் போன இரண்டு இருக்கைகள்

கொரோனா ஊரடங்கில் போர்ட் பிளேரில் அலுவலகங்களை மூடினார்கள். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல் அத்தியாவசியச் சேவை என்பதால், பயண அனுமதி எழுதும் என் மேசை மட்டும் திறந்திருந்தது. நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன.

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத் தொழிலாளி செல்வி, சிகிச்சைக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர். ஊரில் அவருடைய அப்பா சாகக் கிடந்தார்.

"நாளைக் கப்பல்ல ஒரு சீட்டுக் குடுங்க ஐயா. அப்பா முகத்தைப் பாத்துட்டாப் போதும்."

"புக்கிங் பந்த்மா, முடிஞ்சுபோச்சு. பாக்கி ரெண்டு சீட்டும் ஆபீசர் கோட்டா."

"ஆபீசர் யாரும் வரலேன்னா?"

"அடுத்த வாரம் வாம்மா, பாக்கலாம்."

கப்பல் கிளம்பும்வரை இரண்டு இருக்கைகளைக் கையில் வைத்திருப்பது எங்கள் அலுவலகப் பழக்கம். எந்த அதிகாரியிடமிருந்து எப்போது தொலைபேசி வருமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைக் கடமை என்று நினைத்திருந்தேன்.

யாரும் அழைக்கவில்லை. மறுநாள் அந்த இரண்டு இருக்கைகளும் காலியாகவே இருக்க, கப்பல் புறப்பட்டது. கப்பல் ஏறும் ஜெட்டியின் கேட்டுக்கு வெளியே செல்வி கையில் பையோடு நின்றிருந்தார். நான் பார்க்காததுபோல் நடந்துவிட்டேன்.

அடுத்த கப்பல் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதிவிட்டு, நானே தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்பாவை நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க ஐயா. இனி எனக்கு என்ன அவசரம்? அந்தச் சீட்டையும் ஆபீசருக்கே வச்சுக்கங்க."

குரலில் கோபம்கூட இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், "டீக் ஹைம்மா, சரி" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்த மன்னிப்பைக் கேட்காமலேயே ஓய்வும் பெற்றுவிட்டேன்.