கையெழுத்துப் போடப் பயந்த அப்பா

அப்பா படைத்த சித்திரக்கதை நாயகனின் பெயரையோ படத்தையோ இந்த நினைவு மலரில் அச்சிட வேண்டாம் என்று வக்கீல் அண்ணாச்சி சொல்லிவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. அதனால் அட்டையில் அப்பா மட்டும் இருக்கிறார்.

இலஞ்சியில் பிறந்து, தென்காசியில் ஓவிய ஆசிரியராக இருந்த அப்பா, ஒரு வாரப் பத்திரிகைக்காகப் பல ஆண்டுகள் அந்த நாயகனை வரைந்தார். பத்திரிகை நின்ற பிறகு, முதலாளியின் மகன் குற்றால சீசனுக்கு வந்தவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவியதும் ஒரு தாளை நீட்டினார். வீட்டுக்கு வந்தவர் முன்னால் வாசித்துப் பார்த்தால் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று அப்பா அப்படியே கையெழுத்திட்டார். நாயகன் மீதான எல்லா உரிமையும் அந்தத் தாளோடு போய்விட்டது அவருக்குத் தெரியாது.

பின்னர் சென்னைப் படக் கம்பெனி ஒன்று கேட்டபோது, மகிழ்ந்துபோய்த் திரைப்பட உரிமையை எழுதிக் கொடுத்தார். அதற்குள் முதலாளி மகன் அதே நாயகனைத் தொலைக்காட்சித் தொடருக்குக் கொடுத்திருந்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. தன்னிடம் இல்லாத உரிமையைக் கொடுத்து ஏமாற்றினார் என்று படக் கம்பெனி அப்பாவையே முதல் பிரதிவாதி ஆக்கியது.

அன்று பிடித்த பயம் அப்பாவை விடவேயில்லை. தபால்காரர் வண்டி வாசலில் நின்றால் அடுக்களைக்குள் போய்விடுவார். “அவிய என்ன, ஒங்களப் பிடிச்சா திங்கப் போறாவ?” என்று அம்மா கேலி செய்வார். அப்பா சிரிக்க மாட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு யானை வரைந்து கொடுக்கவும் மறுத்தார். எனக்கு அவர் மீது கோபம்கூட வந்தது.

வயிற்று ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் சம்மதத் தாள் கொடுத்தார்கள். அப்பா பேனாவைத் தொடவில்லை.

“ஏட்டி, இதுல படத்தப் பத்தி ஏதும் எழுதியிருக்காவளான்னு பாரு.”

“ஒண்ணும் இல்லப்பா. ஒங்க வயித்துக்குத்தான்.”

“பின்பக்கமும் பாரு.”

இரண்டு முறை உரக்க வாசித்துக் காட்டினேன். அப்பா சரி என்று தலையை ஆட்டினாரே தவிர, பேனாவை வாங்கவில்லை. கடைசியில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த கீழப்பாவூர்ச் சித்தப்பா குடும்பத்தாருக்கும், வக்கீல் அண்ணாச்சிக்கும், கடிதம் எழுதிய பழைய வாசகர்களுக்கும் எங்கள் நன்றி.

போன வாரம், வாரிசு என்று என்னையும் வழக்கில் சேர்த்து நோட்டீஸ் வந்தது. அப்பா ஏமாற்றுக்காரர் என்று தீர்ப்பு வந்துவிட்டால், இல்லை என்று சொல்ல அப்பா இல்லை. நான்தான் போய் நிற்க வேண்டும். இதைப் படிக்கும் உறவினர்களே, வாய்தா அன்று உங்களில் யாராவது ஒருவர் என்னோடு வாருங்கள். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.