உப்புத்தாள் தேய்த்த கால்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் குளியலுக்கு ஒரு சட்டம் வந்துவிடும். போட்டது நான். கை பொறுக்கும் சூட்டில்தான் வெந்நீர். கால்களுக்குச் சோப்பு கிடையாது. குளித்ததும் துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைக் களிம்போ தடவிவிட வேண்டும். காரைக்குடியில் அப்படி என்ன குளிர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். குளிர் பெரிதாக இல்லைதான். ஆனால் வாடைக்காற்று தோலில் இருக்கும் ஈரத்தைச் சொட்டு விடாமல் உறிஞ்சிவிடும். காலையில் முகம் கழுவிவிட்டு வாயைத் திறந்தால் உதடு வெடித்து ரத்தம் உப்புக் கரிக்கும்.

இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் என் கணவர்.

அவர் தச்சர். பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளைச் சீர்செய்து பாலிஷ் போடுவது அவருடைய வேலை. பாலிஷ் போடுகிற ஆள் உடம்பில் எண்ணெய் வைத்துக்கொள்ள மாட்டார். எண்ணெய் பட்ட மரத்தில் பாலிஷ் ஒட்டாது, திட்டுத் திட்டாக நிற்கும். தை மாதக் கல்யாணத்துக்குள் வேண்டும், பொங்கலுக்குள் வேண்டும் என்று கதவுகள் வந்து குவிவதும் மார்கழியில்தான். ஆகவே தோல் எண்ணெய்க்கு ஏங்குகிற அந்த நாட்களில் அவர் எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கமே போவதில்லை. காலில் தெறித்த பாலிஷை, அதைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைப்பார். அதன் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். போதாததற்கு அவருக்குச் சர்க்கரை வேறு.

சர்க்கரை உள்ளவர் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோட்டையூரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ஒரு பனிக்காலத்தில் குதிகாலில் விழுந்த வெடிப்புதான் காரணம். உள்ளே சீழ் வைத்து, பாதம் கறுத்து, கடைசியில் அறுத்தார்கள். அறுத்த காலை வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஊழியர் வந்து கேட்டபோது என் கணவர் ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை மடார் மடார் என்று மோதிக்கொண்டார். பிடித்து இழுத்தது நான்தான்.

அதே மனிதர்தான் போன மார்கழியில் ஒரு காலை நேரம் கொல்லையில் உட்கார்ந்து தன் கணைக்காலை, மரம் தேய்க்கிற உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் இருந்தபோதே அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ பலகையை இழைக்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மடியில் பலகை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, காலை நீட்டி, இரு கையாலும் தாளை அழுத்திப் பிடித்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் உதிர்ந்து, அதன் மேல் ரத்தம் புள்ளி புள்ளியாக அரும்பியிருந்தது.

"என்னங்க செய்யிறீக?"

"பார்த்தாத் தெரியல? சிராய் கிளம்பியிருக்கு. தேய்க்கிறேன்."

"அது காலுங்க. கதவில்ல."

"கதவா இருந்தா இந்நேரம் சொன்னபடி கேட்டிருக்கும். ராவெல்லாம் அரிப்புடி. உனக்கென்ன, பொரிச்ச அப்பளமாட்டம் எண்ணெய் மினுங்கத் திரியிற."

"பெரியத்தான் காலு மறந்துபோச்சா உங்களுக்கு?"

"அவன் ஒழுங்காப் பார்க்காம விட்டான். நான்தான் தேய்ச்சுச் சுத்தமா வச்சிருக்கேனே."

சொல்லிக்கொண்டே தின்னர் துணியை எடுத்து அந்தப் பச்சைப் புண்ணின் மேல் அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தபடி, "எரிஞ்சா அரிக்காதுல்ல" என்றார்.

நான் பாய்ந்து துணியைப் பிடுங்கினேன். அவர் என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கை நீளும் மனிதர். நானும் வாங்கிக்கொண்டு அழுகிறவள் இல்லை. மணிக்கட்டைக் கடித்தேன், பல் பதிந்தது. அவர் உதறிவிட்டு, கைக்கு எட்டிய மரச்சுத்தியலை வீசினார். முகத்துக்கு நேரே வந்ததைக் கையால் தடுத்தேன். முன்கை எலும்பில் விழுந்து, கண்ணில் பூச்சி பறந்தது. சுத்தியல் உருண்டு எண்ணெய்ப் பாட்டிலை உடைத்தது.

சுவரில் அவருடைய முழக்கோல் சாத்தியிருந்தது. தச்சர் வீட்டில் முழக்கோல் என்பது அளவுகோல் மட்டும் இல்லை. ஆயுதபூசையில் சந்தனம் பூசி முதலில் வைப்பது அதைத்தான். தவறிக் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம். யாரும் தாண்ட மாட்டோம். அதை எடுத்து அவரை அடித்தேன். முதுகில், தோளில், தடுத்த கையில். "இந்தக் காலையும் அறுக்கவா, அறுக்கவா" என்று கத்திக்கொண்டே அடித்தேன். தோள் எலும்பில் பட்டு அது இரண்டாக முறிந்தது.

அவர் காலைத் தேய்ப்பதையும் என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். முறிந்த துண்டுகளைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இந்தக் கையி இனிமே என் காலைத் தொடக்கூடாது."

அதற்குப் பிறகு அவர் காலை நான் பார்க்கவில்லை. காட்டவில்லை. வேட்டி கட்டுகிறவர் முழுக்கால் சட்டையில் வேலைக்குப் போனார். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். களிம்பு டப்பாவைக் கட்டிலருகே வைத்தேன். அது தெருவில் போய் விழுந்தது. என் முன்கை வீங்கி, நீலமாகி, மஞ்சளானது. அவர் நடையில் ஒரு இழுப்பு வந்தது. கேட்டால் சோற்றுத் தட்டு பறந்தது.

முதலில் எனக்குத் தெரிய வந்தது நாற்றம். மறுநாள் காலையில் அவர் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது, பல் கிட்டி நடுங்கியது. கால்சட்டையைக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோலால் கிழித்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவந்து பளபளவென்று வீங்கி, நடுவில் சீழ் கசிந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது என்னை ஒருமுறை எட்டி உதைத்தார். உதையில் பலம் இல்லை. அது அடியை விடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு, "எதுல உரசிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"மொதல்ல எம்பதாம் நம்பரு தாளு" என்றார் என் கணவர், காய்ச்சல் உளறல் இல்லை, நிதானமாகவே. "பெறகு நைசுக்கு நூத்தியிருபது."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

செத்த தோலை வெட்டி எடுத்தால்தான் எதுவரை அழுகியிருக்கிறது என்று தெரியும் என்றார்கள். எலும்பைத் தொட்டிருந்தால் காலை மறந்துவிட வேண்டியதுதான். ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. பிளேடு இறங்கியதும் அவர் அலறிய அலறலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். என் கை படக்கூடாதே என்று நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன்.

"எங்குட்டுடி போய்த் தொலைஞ்ச?"

ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். அவர் இறுக்கிப் பிடித்தது சுத்தியல் விழுந்த இடம். நானும் அலறினேன். "ரெண்டு பேர்ல யாருக்குமா வைத்தியம்?" என்றார் மருத்துவர், வெட்டுவதை நிறுத்தாமலே. கடைசியில் நிமிர்ந்து, எலும்புக்குப் போகவில்லை, ஆனால் சர்க்கரை இறங்காவிட்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் அண்ணன் கோட்டையூரிலிருந்து கக்கத்துக் கட்டைகளோடு வந்தார். வந்த வேகத்தில் ஒரு கட்டையால் தம்பியின் நல்ல காலில் ஓங்கி ஒரு அடி.

"ஏண்டா, ஒத்தக்காலு சங்கத்துக்கு ஆள் எடுக்குறம்னு எவன்டா சொன்னான்? தலைவர் நான் இருக்கேன், வேற எடமில்ல."

"வலிக்குதுண்ணே."

"வலிக்கட்டும். வலிக்கிற வரைக்கும் காலு உன்னோடது." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேட்டியை விலக்கி, முழங்காலுக்குக் கீழே தையல் தழும்போடு முடிந்த இடத்தைக் காட்டினார். "அரிப்பைப் பத்தி எங்கிட்டச் சொல்லு. இந்தப் பனிக்கு எனக்குக் குதிகாலு அரிக்குதுடா. இல்லாத குதிகாலு. நான் எங்குட்டுப் போய்ச் சொரிய?"

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணன் என்னைப் பார்த்து, "நீ முழக்கோல்ல அடிச்சியாமே, ஆத்தா? உலக்கைய எடுத்திருக்கணும்" என்றார்.

புண் ஆறத் தை முடிந்து மாசியும் பாதி ஆகிவிட்டது. கதவு வேலைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

இப்போது மறுபடி மார்கழி. வேலை விட்டு வந்த பிறகு காலுக்குக் களிம்பு, காலையில் கைகளை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போவது என்று ஒரு வழி கண்டிருக்கிறோம். பாலிஷ் இதுவரை கெடவில்லை. தின்னர் துணி காலுக்கு வருவதில்லை. அரிப்பு எடுத்தால் சொறியாமல் உள்ளங்கையால் தட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குத் தட்டத் தெரியாது, அறைகிறார். ஆறிய இடத்தில் தோல் மெல்லிசாக, வெங்காயச் சருகு போல இருக்கிறது. களிம்பு பட்டதும் சுள்ளென்று பிடிக்கும். அதனால் தினமும் சண்டைதான்.

நேற்றுச் சாயங்காலமும் நான் அவர் பாதத்தை மடியில் இழுத்து வைத்து, திமிறாமல் இருக்க முழங்கையால் அழுத்திக்கொண்டு களிம்பை எடுத்தேன். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். தொட்டதும் உதைத்தார். இரண்டு காலாலும்.