ஷேர்லியின் பின்னால் நின்றவன்

இந்த நாட்டில் விருந்தாளியை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு விளக்கை அணைக்கிறார்கள். சிட்னியின் ஓரத்தில் பிளாக்டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு ரொன் முதல் தடவை எங்களை அழைத்தபோது அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தான். போனால் யன்னல் சீலைகள் எல்லாம் இழுத்து மூடிக் கிடக்கின்றன. சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, அதற்கு முன்னால் வரிசையாகக் கதிரைகள். சாப்பாடு என்று பல்லுக்குத்தியில் குத்திய சீஸ் துண்டும் ஊறப்போட்ட சின்ன வெங்காயமும் தந்தார்கள். ரொன்னின் மனைவி ஷேர்லி எங்களை இருத்தினாள், ரொன் விளக்கை அணைத்தான். நான் மெல்ல நகர்ந்து என் மனைவி கமலாவின் கைப்பை இருந்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த நிமிடம் ஒரு இயந்திரம் உறுமியது. விரிப்பில் சுவரளவு உயரத்தில் நீச்சலுடையோடு ஷேர்லி தோன்றினாள். விடுமுறைக்குப் போய் வந்தவர்கள் அயலட்டையைக் கூட்டி வைத்து இப்படி ஸ்லைட் காட்டுவது இங்கே ஒரு மரியாதை என்று பிறகுதான் விளங்கியது. அது 1976ஆம் ஆண்டு. அவர்கள் போய் வந்த இடம் தாய்லாந்தில் பட்டாயா என்ற கடற்கரை.

எங்கள் ஊரில் படம் எடுப்பது வேறு விதம். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் மாளிகையும் தடாகமும் தீட்டிய சீலைக்கு முன்னால் நிறுத்துவார்கள். மூச்சைப் பிடித்து, கண்ணை விழித்து, குடும்பம் முழுக்க ஒரே பக்கம் பார்க்கும். அந்தச் சீலையைத் தாண்டி ஒரு காகம்கூடப் படத்துக்குள் வர முடியாது. வெள்ளைக்காரனோ கண்ட கண்ட இடத்தில் படம் எடுக்கிறான், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பின்னால் விழுகிறார்கள். எனக்கு வேலை கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில், மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்ப்பது. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போவதில்லை. ஆகையால் ரொன் காட்டிய மலையையும் புத்தரையும், அடியில் கண்ணாடி பதித்த படகையும், இரவில் நிறநிறமாக மின்னிய மதுக்கடைத் தெருவையும் நான் ரசிக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

ஒரு படத்தில் ஷேர்லி விடுதி முற்றத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கறுத்த ஒருவன், இடுப்பில் குழந்தையோடு. பக்கத்தில் தாய்லாந்துப் பெண்ணொருத்தி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் சட்டைக் கொலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கைக்குட்டை, எங்கள் பேச்சில் லேஞ்சி, மடித்துச் செருகியிருந்தது. வேர்வையில் கொலர் ஊத்தையாகாமல் இருக்க அப்படி லேஞ்சி வைப்பது எங்கள் பக்கத்து ஆட்களின் வேலை. சயாம் கடற்கரையில் அது யார்? அந்தக் கூன் முதுகும் பக்கவாட்டு மூக்கும் கமலாவின் தம்பி குகனுடையவை.

குகன் கப்பலில் எஞ்சினியர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். கடிதங்கள் சிங்கப்பூர் முத்திரையோடு வரும். அந்த வருட ஆவணியில் அவனுக்கும் என் தங்கை திலகத்துக்கும் கலியாணம். மாற்றுச் சம்பந்தம் என்று ஊரில் சொல்வோம். நான் அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டினேன், அவர்கள் எங்கள் வீட்டுப் பெண்ணை எடுப்பது என்று என் கலியாணத்தன்றே பேச்சு. திலகம் பள்ளிக்கூட ஆசிரியை. அந்தப் பேச்சை நம்பி ஆறு வருடம் வேறு இடம் பார்க்காமல் இருந்தவள்.

அந்தப் படத்தை இன்னொரு முறை காட்டும்படி ரொன்னைக் கேட்டேன். காட்டினான். மறுபடியும் கேட்டேன். படத்தின் இடது ஓரத்தில் அரைகுறை உடையில் ஒரு பெண் படுத்திருந்ததை நான் அதுவரை கவனிக்கவேயில்லை. ரொன் கவனித்திருந்தான். "அடப் பாவி, நீ சாமியார் என்றல்லவா நினைத்தேன்!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்து, அந்த ஸ்லைட்டை எனக்கே பரிசாகத் தந்துவிட்டான். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஷேர்லி எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை.

வேலியோரமாக வீட்டுக்கு நடந்து வரும்போது கமலா சொன்னாள்:

"அது அவனில்லை."

"ஆரெண்டு நான் கேக்கவேயில்லையே."

"கப்பல்காரர் நாலு இடத்திலையும் நிப்பினம். பிள்ளையைத் தூக்கினால் அது அவன்ரை பிள்ளையே?"

அந்த இடத்தில் நான் அவளைப் பிடித்திருக்க வேண்டும். தம்பி என்றால் அக்காமாருக்குக் கண் தெரியாது என்று எண்ணிக்கொண்டு விட்டுவிட்டேன். என் சந்தேகம் முழுவதும் அந்த லேஞ்சியைச் சுற்றியே நின்றது.

கலியாணத்துக்குப் போகும் பயணச்சீட்டைப் பாங்கொக்கில் நான்கு நாள் நின்று போவதாக மாற்றினேன். சும்மா இடம் பார்க்க என்றேன். முருங்கைக்காய் வாங்கினாலும் என்ன விலை, ஏன் இவ்வளவு என்று குறுக்குவிசாரணை செய்கிற மனுசி, இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு நாள் பாங்கொக்கில் கோயில்களைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவோம் என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கோயிலும் வேண்டாம் குளமும் வேண்டாம் என்று அவளை பஸ்சில் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பட்டாயாவைப் பகலில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காது என்று நினைக்கிறேன். ரொன்னின் விரிப்பில் மின்னிய தெரு அங்கே மத்தியானத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மேசைகளின் மேல் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தலைமயிரில் சுருள் மாட்டிய பெண்கள் வாசற்படியில் குந்தியிருந்து நூடில்ஸ் சாப்பிட்டார்கள். பொழுது பட்டதும் அதே பெண்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். கடைக்குக் கடை பாட்டு, கடைக்குக் கடை சிவப்பு விளக்கு. கமலாவின் பட்டுச் சேலையைக் கண்டு நாலைந்து பேர் ஓடி வந்து தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நான் என் காற்சட்டைப் பையைப் பொத்திப் பிடித்தேன். கமலாவோ முந்தானையை அவர்களுடைய கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

அங்கே குடியேறிவிட்ட வெள்ளைக்காரர்களையும் பார்த்தேன். வியட்நாம் சண்டை முடிந்தும் வீடு திரும்பாத அமெரிக்கர்கள், ஜெர்மன்காரர், ஓய்வு பெற்ற இங்கிலாந்துக்காரர் ஒருவர். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன் என்றார் அவர். ஐந்து வருடமாக அதைத்தான் சொல்கிறார் என்று பியர் ஊற்றியவன் கண்ணைச் சிமிட்டினான். எந்த ஊர் என்று கேட்டால் எல்லோரும் சொன்னார்கள். ஏன் இங்கே என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் ஒரு பெண் காத்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்குத் திலகத்தின் முகம் வந்தது. நெஞ்சு எரிந்தது.

ஒரு தையற்கடை வாசலில் நின்று அப்படி எரிந்துகொண்டிருந்தபோது, சிவந்த கழுத்தோடு ஒருவன் வந்து காற்சட்டை ஒன்றை என் கையில் திணித்தான். ஐந்து மணிக்குத் தருவதாகச் சொன்னாயே, கால் இன்னும் நீளமாக இருக்கிறதே என்று கத்தினான். பேச்சிலேயே ஆள் அவுஸ்திரேலியன் என்று தெரிந்தது. நான் தையற்காரன் இல்லை, நானும் சிட்னிதான் என்றேன். "அப்படியா? நான் மகாராணியின் மாமன்" என்றான். பிளாக்டவுன் என்றும் சொல்லிப் பார்த்தேன். கால் இரண்டு அங்குலம் குறைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தக் காற்சட்டையை உள்ளே இருந்த பஞ்சாபியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஷேர்லி நின்ற விடுதியில்தான் நாங்களும் தங்கினோம். சாப்பாட்டு மேசையில் அந்த ஸ்லைட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பரிசாரகனிடம் காட்டினேன். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "மிஸ்ரர் கூகன்! போட், போட்!" என்று கடலைக் காட்டினான். காலையில் கரைக்குப் போனோம். பவளத்தீவுக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றிப் போகிற கண்ணாடிப் படகு ஒன்று மணலில் இழுத்து விடப்பட்டிருந்தது. முழங்கைவரை எண்ணெய்க் கறுப்போடு அதன் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்தான். கழுத்தில் லேஞ்சி. என்ன கேட்பது, எப்படி மடக்குவது என்று மூன்று மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை, அக்காவைத்தான் பார்த்தான்.

"அக்கா, நாளைக்கெண்டெல்லோ எழுதினனீங்கள்?" என்றான்.

நாங்கள் வருவதை இவள் முன்பே எழுதியிருக்கிறாள், பாங்கொக்கில் இரண்டு நாள் என்றது அதற்குத்தான். திரும்பிக் கமலாவைப் பார்த்தேன். அவள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனுடைய வீடு விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை. அந்தப் பெண்ணின் பெயர் நொய். கை கூப்பி வணங்கி, தண்ணீர் தந்தாள். நான் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். கமலா கைப்பையைத் திறந்து மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்துக் குழந்தைக்குப் போட்டாள். பிளாக்டவுனில் வாங்கியது. அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. ரொன் வீட்டில் விளக்கை அணைத்தபோது நான் காவல் காத்த அதே கைப்பை.

"எவ்வளவு காலம்?" என்று குகனைக் கேட்டேன்.

"மூண்டு வருசம், அத்தான். கப்பலை விட்டிட்டன். கூட்டாளி ஒருத்தன் சிங்கப்பூரிலை கடிதங்களைத் தபாலிலை போடுவான்."

"அப்ப என்ரை தங்கச்சி?"

"நான் ஓம் எண்டு ஒருக்காலும் எழுதேல்லை."

"இல்லையெண்டு எழுதினனியோ?"

அவன் ஒரு துணியை எடுத்து முழங்கை எண்ணெயைத் துடைத்தான். துடைத்தபடியே, "அம்மாவுக்கு உண்மையை எழுதினனான். வந்து தாலியைக் கட்டு, மற்றதெல்லாம் தானாய்ச் சரிவரும் எண்டு பதில் போட்டவ. போறதோ விடுறதோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை" என்றான்.

இப்படியும் ஒரு கோழையா என்று எழுந்துவிட்டேன். ஆனால் என் கோபம் அவனைவிடப் பக்கத்தில் இருந்தவள் மேல்தான் திரும்பியது. விடுதிக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினேன்.

"எப்ப தெரியும்?"

"பிள்ளை பிறந்தாப் பிறகு எழுதினவன்."

"அப்ப திலகத்தை இந்தக் கிணத்திலை தள்ளவோ நீர் அவளுக்குக் கலியாணச் சேலை வாங்கினனீர்?"

"தள்ள ஏலாமல்தான் உங்களோடை இஞ்சை வந்தனான். நான் வாயாலை சொன்னால் நீங்கள் நம்புவியளோ? கண்ணாலை கண்டால்தானே எதையும் நம்புவியள்." பிறகு அழுதுகொண்டு சொன்னாள்: "ஒரு வருசமாய் ஒவ்வொரு நாளும் சொல்லவெண்டு வாயெடுத்தனான். சொன்னால் அண்டையோடை என்னையும் அந்தக் கண்ணாலைதான் பாப்பியள் எண்டு பயம்."

அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். அவள் சிரித்தாலும் எதை மறைக்கிறாள் என்று தேடுகிறேன். இந்தத் தேசத்துக்கு வந்தபோது வெள்ளைக்காரன் ஏமாற்றுவான், வீட்டுக்காரன் ஏமாற்றுவான், கசாப்புக் கடைக்காரன் ஏமாற்றுவான் என்று எட்டுத் திக்கும் காவல் இருந்தேன். ஊரிலிருந்து கையோடு கூட்டி வந்தவளை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

கலியாணத்தை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தேன். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரன் மரங்களைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பொடியன் சரியில்லை, விசாரித்ததில் தெரிந்தது என்று மட்டும் சொன்னேன். மாமியாருக்குத் தலைகுனிவு வரும், கமலா ஊரில் முகம் காட்ட முடியாது என்று மற்றதை விழுங்கிவிட்டேன். அவுஸ்திரேலியாக்காரருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, கொடுத்த வாக்கை முறிக்கிறார் என்று ஊர் பேசியது. பேசட்டும். திலகம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்:

"அண்ணா, நீங்கள் நேரிலை கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"கமலா மச்சாளுக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியாது."

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளும் என் தங்கைதானே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த மாப்பிள்ளைக்கும் அவள் சம்மதிக்கவில்லை. ஒரே ஒரு கடிதத்தில் காரணம் எழுதியிருந்தாள். "அவர் என்னை ஏமாற்றினதை நான் மறந்துபோனன். நீங்கள் என்ரை முகத்துக்கு நேரை பொய் சொன்னதுதான் ஆறுதில்லை. நீங்கள் பார்க்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்."

நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? பிளாக்டவுன் ரயிலில் வேலைக்குப் போகும் வழியில் இன்றைக்கும் அதைத்தான் யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மனைவியை இழந்திருப்பேன், சொல்லாததால் தங்கையை இழந்தேன். கணக்குப் போல எழுத இது சுலபமாக இருக்கிறது. இரவில் படுக்கும்போது அப்படி இல்லை.

போன மார்கழியில் மறுபடியும் பயணம் போனோம். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனங்கள்தான். கமலாவின் மடியில் ஒரு பை, அதற்குள் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்ற சட்டைகளும் சப்பாத்தும். இந்த முறை அவள் எதையும் ஒளிக்கவில்லை. அவளுடைய சீட்டு தம்பியிடம் போக, பாங்கொக் வரைக்கும், என்னுடையது கொழும்பு வரைக்கும். ஒருவரை ஒருவர் கட்டாயப்படுத்துவதில்லை என்று பேசாமலே முடிவாகியிருந்தது. பாங்கொக்கில் ஆட்கள் இறங்கத் தொடங்கியதும் அவள் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள்.

"போட்டு வாறன்" என்றாள். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "திலகத்திட்டை..." என்று தொடங்கினாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். என்ன சொல்லச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் முடிக்கவில்லை. விமானம் கிளம்புமுன் பணிப்பெண் வந்து இந்த ஆசனத்தில் ஆள் உண்டா என்று கேட்டாள். ஆங்கிலத்தில் ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லத் தெரியாதவனைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, கமலாவின் ஆசனத்துப் பட்டியின் இரண்டு முனைகளையும் வெறுமையின் மேல் பூட்டிவிட்டுப் போனாள்.