தெல்மா திருடாத படம்

சிகாகோவில் ஒருவன் சுட்டாலும் சுடப்பட்டாலும் அவன் முகம் மாலைப் பதிப்புக்குள் எங்களுக்கு வேண்டும். முகம் இல்லாத செய்தியை எங்கள் ஆசிரியர் பர்டெட் கையால் தொடமாட்டார். வீடு தேடிப் போய் அந்த முகத்தைக் கொண்டுவருவதுதான் தெல்மா லிண்ட்க்விஸ்டின் வேலை. முதலில் கேட்டுப் பார்ப்பாள். கொடுக்கவில்லை என்றால், வீட்டுக்காரி காபி எடுத்துவர உள்ளே போகும் நேரம் பார்த்து, பியானோ மேலிருக்கும் படம் சட்டத்தோடு இவள் கோட்டுக்குள் போய்விடும். ஊரில் எல்லாப் பத்திரிகையிலும் இதே கதைதான். யாரும் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. திருட்டு என்ற சொல்லை நாங்கள் மற்றவர்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தோம்.

நான் அவளுக்கு எதிர் மேஜை. வெளியே அலையும் நிருபர்கள் டெலிபோனில் கத்துவதைக் கேட்டுச் செய்தியாக எழுதித் தருகிறவன். வெயில் மழை படாத வேலை, ஆனால் காது போய்விடும். தெல்மாவை அழகி என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். நெடுநெடுவென்று உயரம், பெரிய பாதம், குளிர்காலம் முழுக்க ஈரமான ஷூ. அவள் முகத்தைப் பார்த்ததும் துக்க வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். அவள் நடித்ததில்லை. உண்மையிலேயே அலுத்துப் போயிருந்தாள். அந்த அலுப்பைத்தான் எல்லோரும் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பிப்ரவரியில் லியோ ஸ்டாஷெக் என்ற வேலையில்லாத வாலிபன் ரோமக் கோட்டுக் கடை ஒன்றில் புகுந்து, காவல்காரனைத் தோளில் சுட்டுவிட்டு ஓடினான். காவல்காரன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் ஒரு போலீஸ் கேப்டனுக்கு மச்சான். லியோ கண்ணில் பட்டால் கைது செய்கிற சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும்.

தெல்மா போனபோது ஸ்டாஷெக் வீட்டில் தாய் மட்டும் இருந்தாள். கேட்பதற்கு முன்பே அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கையில் கொடுத்து, இதுதான் என் மகன், பெரிதாகப் போடு என்று அழுதாளாம். எல்லாரும் இந்த அம்மாவைப் போல இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று தெல்மா என்னிடம் சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றினாள். முதல் பக்கத்தில் பாதியை அந்த முகம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் அதே முகம் எங்கள் அலுவலகத்துக்குள் நடந்து வந்தது.

மஃப்ளரை மூக்கு வரை சுற்றியிருந்தார். பெயர் ஆஸ்கர் ப்ரண்ட். டிராம் கண்டக்டர். ஸ்டாஷெக் வீட்டு மாடியில் பல வருஷமாகக் குடியிருப்பவர். காலையில் அவர் டிக்கெட் கேட்டதும் ஒரு பெண் கூச்சலிட்டிருக்கிறாள், பாதிப் பேர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருக்கிறார்கள். கம்பெனி அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. வழியில் ஒரு போலீஸ்காரன் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனதைப் பார்த்துச் சந்துக்குள் திரும்பி இங்கே வந்திருக்கிறார். இவ்வளவையும் யாருக்கோ நடந்ததுபோல மெதுவாகச் சொன்னார்.

தெல்மா எழுந்து கோட்டை எடுத்தாள். போலீஸிடம் போய் நடந்ததைச் சொல்லலாம் வாங்க என்றாள். ஆஸ்கர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"படத்தைக் கொடுத்தது யாருன்னு கேப்பாங்க. அந்தம்மாவை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. அவங்க கையால இத்தனை வருஷம் சூப் குடிச்சிருக்கேன். நான் எப்படிங்க சொல்றது? உங்க தப்புன்னு நீங்களே ரெண்டு வரி போட்டுட்டா போதும்."

தெல்மா பர்டெட்டிடம் போனாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திருத்தம் போட்டா நாம தப்பு பண்ணுவோம்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும், தெல்மா. அந்தப் பயலைப் பிடிக்கட்டும். சரியான மூஞ்சி தன்னால வந்துடும்."

அதுவரை இந்த மனுஷன் என்ன செய்வது என்று கேட்டதற்கு, குளிராக இருக்கிறது, வெளியே போகாமல் இருக்கச் சொல் என்றார்.

எனவே ஆஸ்கரைப் பழைய படங்கள் வைத்திருக்கும் அறையில் ஒளித்து வைத்தோம். ஒளித்து வைத்தோம் என்பது பேச்சுக்குத்தான். அந்த அறையில்தான் டிடெக்டிவ் ஃபீனி வந்து சூடேற்றிக் குழாய்க்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு சீட்டாடுவார். ஆட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று ஆஸ்கரையும் உட்காரவைத்தார். லியோவைத் தேடுவதற்காக வெட்டி வைத்திருந்த ஆஸ்கரின் படம் ஃபீனியின் சட்டைப் பையில் இருந்தது. உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு தடவை கேட்டார். டிராமில் பார்த்திருப்பீர்கள் என்றார் ஆஸ்கர். அதுதான் என்று ஃபீனி சீட்டை இறக்கினார். எங்கள் ஊர் போலீஸின் லட்சணம் இதுதான், இதற்குமேல் நான் சொல்வதற்கில்லை.

தெல்மா வேளாவேளைக்கு அவருக்கு ரொட்டியும் மாட்டிறைச்சியும் வாங்கி வந்தாள். ஒருநாள் அவள் அசந்து தூங்கிவிட்டபோது ஆஸ்கர் அவளுடைய ஈர ஷூவை எடுத்து, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, குழாயின் பக்கத்தில் காயவைத்தார். அந்தப் பேப்பரில் அவர் முகமே இருந்தது. தெல்மா எழுந்து ஷூவுக்குள் காலை விட்டதும் அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கே மறுபடியும் ஸ்டாஷெக் வீட்டுக்குப் போனாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாளாம். அந்த அம்மாள் கதவைத் திறந்து பிடித்தபடியே சொன்னதை தெல்மா வந்து எனக்கு அப்படியே சொன்னாள்.

"உன்னை எனக்குத் தெரியும், பொண்ணே. பின் தெருவுல ஒரு குழந்தை செத்துதே, அந்தப் படத்தைத் தூக்கிட்டுப் போனவ நீதானே? அதோட அம்மாகிட்ட இருந்தது அது ஒண்ணுதான். நீ திருப்பிக் கொடுக்கவே இல்ல. எப்படியும் என் வீட்டுலயும் எடுத்துட்டுத்தான் போவ. அதான் நானே கொடுத்தேன். ஆஸ்கர் ஓட மாட்டார், ஓடாதவரை யாரும் சுட மாட்டாங்க. என் புள்ள ஓடுவான்."

குழந்தையின் படம் எங்கள் அலுவலகத்தில் எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்றுகூட தெல்மாவுக்குத் தெரியாது. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள். இத்தனை பேர் பார்க்க, பத்திரிகை அலுவலகத்தில் வந்து கையை நீட்டினால் லியோவை யாராலும் சுட முடியாது. அந்த அம்மாள் தெல்மாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு அவன் இருக்கும் இடத்தைச் சொன்னாள்.

லியோவைத் தெல்மா டிராமிலேயே கூட்டி வந்தாள். ஊரெல்லாம் தேடப்படுகிறவன் தன் சொந்த முகத்தோடு அலுவலக வாசலில் நின்ற போலீஸ்காரர்களைத் தாண்டி வந்தான். ஒருத்தன் அவனுக்குக் கதவைக்கூடத் திறந்துவிட்டான். லியோ ஃபீனியின் முன்னால் போய்ப் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினான். ஃபீனிக்குக் கோபம். அன்றைக்குத்தான் அவருக்கு நல்ல சீட்டு விழுந்திருந்தது.

மாலைப் பதிப்பில் லியோவின் முகம் வந்தது. ஆஸ்கரைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய படத்தில் இருப்பவர் யார், அது எப்படி வந்தது என்று எதுவுமே இல்லை. டிராம் கம்பெனி ஆஸ்கரைச் சேர்க்க மறுத்துவிட்டது. இரண்டு பேரும் கூட்டாளிகள் என்று ஊரில் புதுப் பேச்சு கிளம்பியிருந்தது. ஃபீனி வேறு, முதல் படத்தைக் கொடுத்தது யார் என்று தெல்மாவைத் துளைக்க ஆரம்பித்தார். தாய்தான் கொடுத்தாள் என்று தெரிந்தால் மகனுக்குத் துணைபோனதாக அவளையும் அள்ளிக்கொண்டு போவார்.

தெல்மா பர்டெட்டிடம் இன்னொரு தடவை போகவில்லை. நேராகக் கீழே விளம்பரப் பகுதிக்குப் போனாள். அங்கே இருப்பவர்கள் எங்களோடு பேசுவதில்லை, நாங்களும் அவர்களோடு பேசுவதில்லை. காசு கொடுத்தால் எதையும் போடுவார்கள். மறுநாள் எங்கள் பத்திரிகையில் இருமல் மருந்துக்கும் இடுப்புக் கச்சைக்கும் நடுவில் ஆஸ்கரின் படம் வந்தது. கீழே இப்படி இருந்தது:

"இவர் ஆஸ்கர் ப்ரண்ட், டிராம் கண்டக்டர். எந்தக் குற்றமும் செய்யாதவர். லியோ ஸ்டாஷெக் என்று நினைத்து இந்தப் படத்தை அந்த வீட்டு அலமாரியிலிருந்து, அங்கிருந்த தாய்க்குத் தெரியாமல் திருடியவள் நான். தெல்மா லிண்ட்க்விஸ்ட்."

மற்ற பத்திரிகைகள் அதை ஓடிவந்து எடுத்துக்கொண்டு முதல் பக்கத்தில் போட்டன. ஃபீனி கேள்வி கேட்பதை நிறுத்தினார். ஆஸ்கருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கோடையில் அவருக்கும் தெல்மாவுக்கும் கல்யாணம் நடந்தது, நான் போயிருந்தேன். அதெல்லாம் நல்ல செய்தி, எங்கள் பத்திரிகை போடுகிற வகை இல்லை. எனக்கு நினைவில் நிற்பது விளம்பரம் வந்த அன்று காலை. பர்டெட் அவளை வேலையிலிருந்து துரத்திவிட்டார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் தன் கையால் கொடுத்த படத்தைத் திருடியதாக எதற்கு எழுதினாய், படம் மாறிவிட்டது என்று எழுதியிருந்தால் போதாதா என்று கேட்டேன்.

"எடுத்த படத்துக்கெல்லாம் ஒருத்தரும் என்னைத் திருடின்னு சொல்லல," என்றாள். "எடுக்காத ஒண்ணுக்காவது நானே சொல்லிக்கறேன்."