விடுபட்ட ஒரு ‘நோன்’

இத்தாலியின் பலேர்மோ நகரில் என் ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றியது. பெயர் தெரியாத ஒரு துறவி பதினான்காம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய விளக்கவுரை. அக்காலத் தத்துவவாதிகளை ஆட்டிவைத்த கேள்விதான் அதிலும்: எல்லாக் குதிரைகளுக்கும் பொதுவான இயல்பு என்று ஒன்று உண்டா? உண்டென்றால், ஒரு குதிரையை இந்தக் குதிரையாக்குவது எது? பொது இயல்பு தானாக ‘இது’ ஆவதில்லை, அதனோடு ‘இதுமை’ என்று ஒன்று சேர வேண்டும் என்றார் ஸ்காட்லாந்துத் துறவி ஒருவர். பொது என்பதெல்லாம் மனத்திலும் சொல்லிலும்தான், வெளியே இருப்பவை தனித்தனிக் குதிரைகள் மட்டுமே என்று முடித்துவிட்டார் அவருக்குப் பின்வந்த ஆங்கிலேயத் துறவி.

என் துறவி முதலாமவரின் வழியில் வந்தவர். ஆனால் ஓரிடத்தில், பொது இயல்பு தானாகவே ‘இது’ என்று எழுதியிருந்தார். குருவை மறுத்த சீடர்! அந்த ஒரு வரியை நம்பி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

நகரின் அல்பெர்கேரியா பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டில், என் அடுத்த அறையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். பொலிதேயாமா அரங்கின் பக்கத்தில் வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த அம்மாள் இடைக்காலத் தத்துவம் கற்பித்த பேராசிரியர் என்பதும், இப்போது மகளின் பெயர்கூட நினைவில்லை என்பதும் சமையலறைப் பேச்சில் தெரிந்தது.

“ஒருக்கா வந்து அந்த லத்தீனை வாசிச்சுக் காட்டுமன். மகளும் ஓம் எண்டிட்டா. நான் கதைச்சால் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா,” என்றார் அக்கா.

“அவங்களுக்குப் புரியுமாக்கா?”

“எனக்கென்ன தெரியும்? வந்து பாரும்.”

ஒரு சனிக்கிழமை காலை போனேன். பால்கனிக் கதவருகே உட்கார்ந்திருந்த சிஞ்ஞோரா என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் படியெடுத்த பக்கங்களை அரைமணி நேரம் வாசித்தேன். அந்த வரி வந்ததும், “நோன்,” என்றார்.

லத்தீனிலும் இத்தாலியனிலும் அது மறுப்புச் சொல். மறுபடி வாசித்தேன்.

“நோன் எஸ்த்,” என்றார், எரிச்சலோடு. ‘அல்ல’ என்று பொருள்.

அக்கா சிரித்தார். “காலமையிலையிருந்து உதுதான். சூப்புக்கும் நோன், மருந்துக் குளிசைக்கும் நோன். நீர் வாசியும்.”

ஆனால் ‘எஸ்த்’ லத்தீன். சூப்பை மறுக்க அது தேவையில்லை.

அறைக்குத் திரும்பிப் பிரதியின் புகைப்படத்தைப் பெரிதாக்கினேன். வரியின் ஓரத்தில், தையல் மடிப்பின் நிழலில், கறை என்று நான் ஒதுக்கிய இடத்தில் ஒரு சின்ன எழுத்தும் அதன்மேல் ஒரு கோடும் இருந்தன. ‘நோன்’ என்பதை எழுத்தர்கள் அப்படித்தான் சுருக்குவார்கள். திங்களன்று நூலகத்தில் மூலத்தையே எடுத்துப் பார்த்தேன். சந்தேகமில்லை. என் துறவி யாரையும் மறுக்கவில்லை. பாடத்தை ஒழுங்காக ஒப்பித்த மாணவர், அவ்வளவுதான்.

மூன்று மாத வேலை வீண். “நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை,” என்றார் நெறியாளர். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்கவில்லை. வெட்கத்தில் நானும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை நன்றி சொல்லப் போனேன். சிஞ்ஞோரா என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அன்று மகளும் வந்திருந்தார்.

“இவர் என் அம்மாவே இல்லை. அம்மா எப்போதோ போய்விட்டார்,” என்றார் மகள், இத்தாலியனில்.

அக்காவுக்கு இத்தாலியன் நன்றாகப் புரியும். “அவதான். வேறை ஆர்? நடந்ததை நீரே சொல்லும்,” என்றார் என்னிடம்.

சொன்னேன். கைபேசியில் அந்தப் புகைப்படத்தையும் காட்டினேன். மகள் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாசிக்கச் சொன்னார்.

கோடை வரும்வரை சனிக்கிழமைகளில் போய் வாசித்தேன். சிஞ்ஞோரா என்னை மறுபடி திருத்தவேயில்லை. மகள்தான் இடையிடையே நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்.