ஏதென்ஸ் நகரமும் எங்கள் வீட்டுச் சொம்பும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. "நினைவு மலர்ல நல்லதா நாலு வார்த்த எழுது, போதும்" என்றார் மாமா. நாலு வார்த்தையில் அடங்கவில்லை. என் மனமும் ஒரு நிலையில் இல்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அப்பா குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கொள்ளிடத்து வெள்ளம் வீட்டுச் சுவரைக் கொண்டுபோன வருடத்திலும் படிப்பை விடாதவர். கடலூரில் வரலாற்று ஆசிரியராக இருந்து, 2004இல் ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் குடியேறினார். கிரேக்கம், ரோம், பிரெஞ்சுப் புரட்சி என்று பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அந்தப் பித்து வீட்டுக்கும் வந்தது. ஏதென்ஸ்காரர்கள் கூழாங்கல் போட்டுத் தீர்ப்புச் சொன்னார்களாம். எங்கள் வீட்டில் சம்மதம் என்றால் புளியங்கொட்டை, இல்லையென்றால் வேப்பங்கொட்டை. அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் கையை மூடியபடி சொம்பில் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று கேட்கக் கூடாது. நான் வேலைக்குப் போவதும் தம்பியின் கல்யாணமும் அப்படித்தான் முடிவாயின.

"வெள்ளைக்காரன் போயி அறுபது வருஷம் ஆச்சு மச்சான், நீ இன்னும் அவனுக்குப் பெட்டி தூக்குற" என்று மாமா கிண்டல் செய்வார்.

"எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திட்டுப் போனான். இத மட்டும் மறந்துட்டான், நான் எடுத்துகிட்டேன்" என்பார் அப்பா.

ஆனால் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "வெள்ளைக்காரனுங்க பார்லிமெண்டுல ஓட்டு எண்ணிட்டே சண்டைக்குப் போறானுங்க. கணக்கு சரியாத்தான் இருக்கு. நியாயம் இருக்கா? இப்படியே போனா இன்னும் எத்தன நாளைக்குத் தாங்கும் இந்த ஜனநாயகம்?" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். நாங்கள் காபி கொடுத்து உட்கார வைப்போம்.

2010இல் அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் முற்றியது. காலை எடுத்தால் பிழைக்கலாம், அதுவும் உறுதியில்லை என்றார் மருத்துவர். "வேணாம். முழுசாப் போறேன்" என்றார் அப்பா.

"அப்போ ஓட்டு வைப்போம்பா" என்றேன் நான்.

கட்டில் அருகே சொம்பைக் கவிழ்த்தபோது மூன்று புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை. அப்பா ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். காலை எடுத்த ஒன்பதாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

ஓராண்டாக எனக்குச் சரியான தூக்கமில்லை. அவர் காலுக்கு ஓட்டுப் போட நாங்கள் யார்? தலைகளை எண்ணுவதையும் தனி ஒருவனின் உரிமையையும் மேற்கு நாடுகளிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம் என்று வகுப்பில் சொன்னவர் அவர். முதலாவதைக் கொண்டு இரண்டாவதைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இந்த மலருக்குப் படம் தேடியபோது அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "வேப்பங்கொட்ட போட்டது நான்டி. அவுங்க வேணாம்னாங்க, நானும் அதையே போட்டேன். என்னைக்கும் அவுங்க சொன்னததான் போட்டிருக்கேன்."

நான் போட்டது புளியங்கொட்டை. தம்பி போட்டதும் அதுவே என்று அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டான். அப்படியானால் மூன்றாவது அப்பாவுடையது.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அப்பாவின் மாணவர்களுக்கும், இறுதிவரை உடன் நின்ற மாமாவுக்கும் எங்கள் நன்றி. அப்பா வாழ ஆசைப்பட்டிருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு மூடிய கை தேவைப்பட்டிருக்கிறது. நாங்கள் மூவரும் பக்கத்திலேயே இருந்தோம்; எங்களிடம் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.